புதுத் திரையில் கீறல்: குறை கருவியிலா, கையாண்ட விதத்திலா?

கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று புதிதாகச் சந்தைக்கு வரும்போதெல்லாம் இரண்டு செய்திகள் அதைத் தொடர்ந்து வருகின்றன. ஒன்று, எத்தனை லட்சம் விற்றது என்பது. மற்றொன்று, வாங்கிய சில நாள்களிலேயே திரையில் கீறல் விழுந்தது, பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை என்ற புலம்பல்.

2025 ஜூன் 5-ஆம் தேதி பல நாடுகளில் வெளியான நிண்டெண்டோ சுவிட்ச் 2 முதல் நான்கு நாள்களில் 35 லட்சத்திற்கும் மேல் விற்றதாக அந்நிறுவனம் அறிவித்தது. வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை 449.99 டாலராக இருந்தது. வெளியான நேரத்து நாணய மாற்று மதிப்பில் பார்த்தால், மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை அது தாண்டிவிடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளையின் பிறந்தநாளுக்கோ தீபாவளிக்கோ இப்படி ஒரு கருவியை வாங்கித் தரும் பெற்றோருக்கு அது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. ஒரு மாத உழைப்பு.

அதனால்தான் முதல் கீறலைக் கண்டதும் வீட்டில் சத்தம் கிளம்புகிறது. பெரும்பாலும் பழி விழுவது பிள்ளையின் தலையில். கடைக்குப் போனாலும் அதே பதில்தான்: "பயன்படுத்திய விதம் சரியில்லை." அது எப்போது உண்மை, எப்போது உண்மையல்ல என்று தெரிந்துகொண்டால் பிள்ளையையும் அநியாயமாகத் திட்ட வேண்டியதில்லை, பணத்தையும் இழக்க வேண்டியதில்லை.

திரையைக் கீறுவது எது?

ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமானால், கீறும் பொருள் கீறப்படும் பொருளைவிடக் கடினமாக இருக்க வேண்டும். ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோல் இதற்கு இன்றும் பயன்படுகிறது. மிக மென்மையான பொருளுக்கு 1, வைரத்துக்கு 10. அந்த அளவுகோலில் மனித நகம் சுமார் 2.5, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5, மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7. பிளாஸ்டிக் திரைகள் இத்தகைய சோதனைகளில் 2-க்கும் 3-க்கும் இடையிலேயே கீறலைக் காட்டத் தொடங்கிவிடுகின்றன.

இந்த எண்களை அன்றாட வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கலாம். பித்தளைச் சாவி பிளாஸ்டிக் திரையைக் கீறும். கண்ணாடித் திரையைப் பொதுவாகக் கீறாது. ஆனால் மணல் இரண்டையும் கீறும். மொரிப் கடற்கரைக்குப் போய்வந்த பையின் அடியில் தங்கிய மணலும், கட்டுமானப் பணி நடக்கும் சாலையோரத்துத் தூசியும் கண்ணுக்கு மென்மையாகத் தெரிந்தாலும், அவற்றில் கண்ணாடியைவிடக் கடினமான துகள்கள் இருக்கின்றன. அந்தத் தூசி படிந்த திரையைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தால், துடைக்கும் கையே கீறலைப் போடுகிறது. "ஒன்றுமே படவில்லை, எப்படிக் கீறியது?" என்ற கேள்விக்குப் பல நேரங்களில் இதுதான் பதில்.

பிளாஸ்டிக்கா, கண்ணாடியா?

அப்படியானால் எல்லாக் கருவிகளுக்கும் கண்ணாடித் திரை போட்டுவிடலாமே என்று தோன்றும். அதில்தான் சிக்கல். கண்ணாடி எளிதில் கீறாது. ஆனால் கீழே விழுந்தால் உடையும். பிளாஸ்டிக் எளிதில் கீறும். ஆனால் விழுந்தாலும் சில்லுச் சில்லாகச் சிதறாது. பிள்ளைகளின் கையில் இருக்கப்போகும் கருவிக்கு எது வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

2017 மார்ச் 3-இல் வெளியான முதல் நிண்டெண்டோ சுவிட்ச், 6.2 அங்குலத் திரைக்குப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தது. 2021 அக்டோபரில் வந்த ஓஎல்இடி வகை கண்ணாடிக்கு மாறியது. கண்ணாடி உடைந்தால் சிதறித் தெறிக்காமல் இருக்க, அதன்மேல் மெல்லிய படலம் ஒன்று ஆலையிலேயே ஒட்டப்பட்டது. சுவிட்ச் 2-இன் 7.9 அங்குலத் திரையிலும் இத்தகைய படலம் உண்டு. அதை உரிக்கக் கூடாது என்று நிறுவனமே எச்சரிக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புதுக் கைப்பேசி வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துப் போடுவது பழக்கம். அதே பழக்கத்தில் இந்தப் படலத்தையும் உரித்துவிட்டால், உடைந்த கண்ணாடியிலிருந்து கையைக் காக்கும் பாதுகாப்பு போய்விடும். இன்னொரு பக்கம், அந்தப் படலமே பிளாஸ்டிக்தான். உள்ளே கண்ணாடி இருந்தாலும், கை படும் மேற்பரப்பு பிளாஸ்டிக்கைப் போலவே கீறும். ஆகவே "கண்ணாடித் திரை, கீறாது" என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் அது முழு உண்மையல்ல. படலத்தின்மேல் விழுந்த கீறல் உள்ளே கண்ணாடியைத் தொட்டிருக்காமலும் இருக்கலாம்.

செருகியதே கீறினால்?

மணலும் சாவியும் கீறினால் அது பயன்படுத்துபவரின் கவனக்குறைவு எனலாம். ஆனால் கருவியோடு பெட்டியிலேயே வரும் துணைப்பொருள் கீறினால்?

முதல் சுவிட்ச் வெளியான சில வாரங்களிலேயே எழுந்த முறையீடு இதுதான். அக்கருவியைத் தொலைக்காட்சியுடன் இணைக்க ஒரு தாங்கியில் செருக வேண்டும். அந்தத் தாங்கியும் பிளாஸ்டிக், கருவியின் முகப்பும் பிளாஸ்டிக். செருகும்போதும் எடுக்கும்போதும் இரண்டும் உரசித் திரையின் ஓரங்களில் கோடு விழுந்ததாகப் பல நாடுகளின் பயனீட்டாளர்கள் படங்களுடன் புகார் கூறினர். எல்லாக் கருவிகளுக்கும் இது நேரவில்லை. தாங்கியின் உட்பக்கம் லேசாக வளைந்திருந்தாலோ, தூசி அடைந்திருந்தாலோ, சற்றுச் சாய்த்துச் செருகினாலோ உரசல் கூடியது. சிலர் தாங்கியின் உட்பக்கத்தில் மெல்லிய துணியை ஒட்டிச் சமாளித்தனர்.

ஒரு நாளைக்குப் பல முறை செருகி எடுக்கத்தான் அந்தக் கருவி விற்கப்பட்டது. சொன்னபடி பயன்படுத்தியும் கீறல் விழுகிறது என்றால், அங்கே கேள்வி கேட்கப்பட வேண்டியவர் பயனீட்டாளர் அல்லர்.

அதே காலத்தில் திரையில் சில புள்ளிகள் ஒளிராமல் கருப்பாகவே இருப்பதாகவும் புகார்கள் வந்தன. அத்தகைய ஓரிரு புள்ளிகள் எல்சிடி திரைகளின் இயல்பு, அவற்றைக் குறையாகக் கருத வேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. இடது கைப்பிடி கருவியுடன் தொடர்பை இழப்பதாக எழுந்த புகாரில் மட்டும், தயாரிப்பில் நேர்ந்த வேறுபாட்டால் சில கைப்பிடிகளுக்கு அலைத் தடங்கல் ஏற்படுவதை நிறுவனம் ஒப்புக்கொண்டு சரிசெய்து தந்தது.

கீறலைவிடப் பெரிய கோளாறு

கீறல் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தேயும் ஒரு குறைதான் சுவிட்ச் கருவியின் பெயரை அதிகம் கெடுத்தது. விரல் படாமலேயே திரையில் உருவம் தானாக நகரும். நேராகப் போக வேண்டியவன் பக்கவாட்டில் போவான். ஆங்கிலத்தில் டிரிஃப்ட் என்று இதைச் சொல்கிறார்கள்.

காரணம் கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சியின் உள்ளே இருக்கிறது. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். நாள்பட அதைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும். உள்ளே ஒரு கரித்தடத்தின்மேல் உலோக நுனி உரசி உரசித் தடம் தேய்வதே அதற்குக் காரணம். இந்தக் குச்சிகளும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன. தடம் தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ, குச்சி நடுவில் நிற்கும்போதும் "நகர்ந்தது" என்ற தவறான தகவல் கருவிக்குப் போகிறது.

2019-இல் அமெரிக்காவில் இதற்காக வழக்கு தொடரப்பட்டது. 2020 ஜூனில் நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ புருகாவா, வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்தார். வழக்கு நடப்பதால் மேலும் கருத்துரைக்க மறுத்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பியப் பயனீட்டாளர் கூட்டமைப்பு, ஏறக்குறைய 25,000 பேரின் முறையீடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் கொண்டுபோனது. அவற்றில் 88 விழுக்காட்டினரின் கைப்பிடிகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பழுதானவை. 2022 டிசம்பரில் பிரிட்டனின் பயனீட்டாளர் அமைப்பான விச், சோதனைக்கூடத்தில் குச்சிகளைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த பாகங்கள் தேய்ந்திருப்பதை வெளியிட்டது.

பலன் 2023 ஏப்ரலில் கிடைத்தது. தேய்மானத்தால் நேர்ந்தாலும், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், இந்தக் கோளாறை இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாக ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோ உறுதியளித்தது. தனித்தனியே கடை வாசலில் நின்று வாதிட்டபோது கிடைக்காத ஒன்று, முறையீடுகள் எழுத்தில் பதிவாகி ஓரிடத்தில் சேர்ந்தபோது கிடைத்தது. ஆனால் அந்த உறுதிமொழி ஐரோப்பிய வட்டாரத்துக்கு மட்டுமே. மலேசியப் பயனீட்டாளர் அதைக் காட்டி உரிமை கோர முடியாது. இங்குள்ள சட்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

உரசலே இல்லாமல் காந்தத்தைக் கொண்டு அசைவை உணரும் முறை ஒன்றும் உண்டு. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது அது. சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கைப்பிடியில் 1998-லேயே அது பயன்பட்டது. சுவிட்ச் 2-இன் குச்சிகளில் அந்த முறை இல்லை என்பதை வெளியீட்டுக்கு முன்பே நிண்டெண்டோ உறுதிப்படுத்திவிட்டது. குச்சிகளைப் புதிதாக வடிவமைத்திருப்பதாக அது கூறினாலும், தேய்மானம் குறைந்ததா என்பதை ஆண்டுகள்தான் சொல்லும்.

மற்ற நிறுவனங்களும் விதிவிலக்கல்ல

குறை ஒரே நிறுவனத்தோடு நிற்கவில்லை. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனியின் பிஎஸ்பி கருவியில், திரைக்கு மிக அருகே இருந்த சதுரப் பொத்தான் அழுத்தினால் சரியாகப் பதியவில்லை என்று முறையிட்டனர். பெரிய 4.3 அங்குலத் திரையைச் சிறிய உடலுக்குள் அடக்கியதால் பொத்தானின் உணரிக்கு நடுவில் இடமில்லை. சோனியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த கென் குத்தராகி, அது வேண்டுமென்றே செய்யப்பட்ட வடிவமைப்பு என்று ஒரு பத்திரிகை நேர்காணலில் வாதிட்டு மேலும் விமர்சனத்துக்கு ஆளானார்.

2005 செப்டம்பரில் வந்த ஆப்பிளின் ஐபோட் நானோ விளையாட்டுக் கருவி அல்ல. ஆனால் கீறல் வழக்குகளுக்கு அதுவே முன்னோடி. சட்டைப்பையில் வைத்தாலே முகப்பு கீறிப் படிக்க முடியாமல் போகிறது என்று அமெரிக்காவில் கூட்டு வழக்கு தொடரப்பட்டது. இறுதியில் 2.25 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் ஐபோன் வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, அதன் திரை பிளாஸ்டிக் அல்ல, கண்ணாடி என்று ஆப்பிள் அறிவித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு பின்னணி எனலாம்.

மலேசியாவிலும் விற்பனையான ஆசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி அலை கருவி 2023-இல் வேறொரு பாடத்தைத் தந்தது. அதில் நினைவக அட்டை செருகும் இடம், சூடான காற்று வெளியேறும் துளைக்குப் பக்கத்திலேயே அமைந்திருந்தது. வெப்பம் ஏறும்போது அட்டை வேலை செய்யாமல் போகலாம் என்பதை நிறுவனம் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த புதிய வகையில் அந்த இடம் மாற்றப்பட்டது.

எது எந்த வகைக் குறை?

இவற்றையெல்லாம் ஒன்றாகப் பார்த்தால் மூன்று வகைகள் பிரிகின்றன. முறையிடப் போகும் முன் தம்முடையது எது என்பதைப் பயனீட்டாளர் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலாவது வடிவமைப்புக் குறை. வரைபடத்திலேயே இருக்கும் தவறு இது. அதே வகைக் கருவி எதை வாங்கினாலும் இக்குறை இருக்கும். வெப்பத் துளைக்குப் பக்கத்தில் அட்டை செருகும் இடம் இதற்கு எடுத்துக்காட்டு. இன்னொன்றாக மாற்றித் தந்தாலும் தீராது.

இரண்டாவது தயாரிப்புக் குறை. வரைபடம் சரி, ஆனால் ஆலையில் அந்த ஒன்றில் மட்டும் தவறு நேர்ந்துவிட்டது. வளைந்த தாங்கி, ஒளிராத புள்ளி, சரியாக ஒட்டாத படலம் போன்றவை இவ்வகை. வேறொன்று மாற்றித் தந்தால் தீரும்.

மூன்றாவது பயன்பாட்டுத் தேய்மானம் அல்லது சேதம். சாவியோடு பையில் போட்டது, மணலோடு துடைத்தது, கீழே போட்டது. இதற்கு விற்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இயல்பான பயன்பாட்டில் நியாயமற்ற வேகத்தில் தேய்ந்தால், அதைத் தேய்மானம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது முதல் வகைக்குத் திரும்பிவிடுகிறது. ஐரோப்பாவில் வாதிடப்பட்டது இதுதான்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

கடை வாசலில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் கைப்பேசிக் கடையானாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையானாலும், புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவானாலும் சட்டம் ஒன்றுதான். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை அத்தகைய அறிவிப்பால் பறிக்க முடியாது. இதை அச்சட்டத்தின் 6-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

அச்சட்டத்தின் 32-ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அப்பொருள் வழக்கமாக எதற்குப் பயன்படுகிறதோ அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்; தோற்றமும் முடிப்பும் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும்; சிறு குறைகளும் இருக்கக் கூடாது; பாதுகாப்பாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தபோதே இருந்த கீறல் தோற்றத்தைச் சேர்ந்தது. ஆறு மாதத்தில் தானாக நகரும் குச்சி நீடித்து உழைப்பதைச் சேர்ந்தது. உற்பத்தியாளரின் உத்தரவாத அட்டை என்ன சொன்னாலும், இந்தத் தரம் தனியே நிற்கிறது.

வாங்கும் முன்பே குறையைக் காட்டி விற்றிருந்தால் நிலைமை வேறு. "காட்சிக்கு வைத்த பொருள், ஓரத்தில் கீறல் உண்டு, அதனால் விலைக் குறைப்பு" என்று கடைக்காரர் சொல்லி, வாங்கியவரும் அதை ஏற்றிருந்தால், பிறகு அதே கீறலுக்காக முறையிட முடியாது. அதேபோல், நியாயமான பயனீட்டாளர் செய்யாத வகையில் பயன்படுத்திப் பழுதாக்கினாலும் சட்டம் உதவாது.

தரம் குறைந்திருந்தால் முதலில் விற்பவரிடம் அதைச் சரிசெய்து தரக் கேட்கலாம். அவர் நியாயமான காலத்துக்குள் பழுதுபார்த்துத் தரலாம். அதே வகையில் வேறொன்று மாற்றித் தரலாம். பழுதுபார்க்க வழியில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தரலாம். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வேறிடத்தில் சரிசெய்து அச்செலவைக் கோரலாம் அல்லது பொருளையே நிராகரிக்கலாம். நிராகரிக்கும் உரிமைக்கு நேரம் முக்கியம். ஓராண்டு ஆசைதீர விளையாடிவிட்டு, வாங்கிய அன்று பார்த்த கீறலுக்காகப் பொருளைத் திருப்பித் தர முடியாது. கண்ட உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

"எங்களிடம் வராதீர்கள், விநியோகிப்பாளரிடம் போங்கள்" என்று கடைகள் சொல்வதுண்டு. விநியோகிப்பாளரின் சேவை மையத்துக்குப் போவது சில நேரம் விரைவாக முடியும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பொருளைத் தந்த கடை தன் பொறுப்பிலிருந்து அதனால் விடுபட்டுவிடாது.

ஐந்து ரிங்கிட் நடுவர் மன்றம்

பேசித் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின்கீழ் அது இயங்குகிறது. 50,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத கோரிக்கைகளை அது விசாரிக்கும். 2019 திருத்தத்துக்கு முன் இந்த வரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. இணையம் வழியாகவும் பதியலாம். பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், பெரிய நிறுவனத்தின் முன் சாதாரணக் குடும்பம் ஒன்று சம நிலையில் நிற்க முடிகிறது. சிக்கல் எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது விதி. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அதை மதிக்காமல் இருப்பது குற்றம்.

அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணிலும் புகார் தெரிவிக்கலாம். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் தேசியப் பயனீட்டாளர் புகார் மையத்தையோ பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையோ நாடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால்தான் இச்சட்டம் துணை நிற்கும். தன் சொந்தக் கருவியைக் கைமாற்றும் ஒரு தனிநபரிடம் பழையதாக வாங்கியவருக்கு இந்த வழி இல்லை. வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பும் விற்பனையாளரை நடுவர் மன்றத்தின் முன் கொண்டுவருவதும் நடைமுறையில் கடினம். அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளர் வழியாக வராத இறக்குமதிக் கருவிகள் விலை மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கு உத்தரவாதம் தருவது பெரும்பாலும் அந்தக் கடை மட்டுமே. கடை மூடிவிட்டால் உத்தரவாதமும் மூடிவிடும். விலை வேறுபாட்டைப் பார்க்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை

பெட்டியைக் கடையிலேயே, விற்பவர் முன்னிலையில் திறந்து பார்ப்பது சிறந்தது. திரையை அணைத்து, விளக்கின்கீழ் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். பிறகு வெள்ளைப் பின்னணியை ஒளிரவிட்டால் கருப்புப் புள்ளிகள் தெரியும். குச்சிகளைத் தொடாமல் சற்று நேரம் வைத்து, தானாக ஏதும் நகர்கிறதா என்று பார்க்கலாம். இணையத்தில் வாங்கியவர்கள் பொட்டலத்தைப் பிரிப்பது முதல் கருவியை இயக்குவது வரை இடைவெளியின்றிக் காணொளி எடுத்துவைத்தால், "வரும்போதே இருந்தது" என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் வெளிறிவிடும். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடையுடன் பேசுவதைக் குறுஞ்செய்தியில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்; வாய்வார்த்தை நடுவர் மன்றத்தில் எடுபடுவது கடினம்.

திரைக்கு மேல் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவது 20, 30 ரிங்கிட் செலவில் முடியும் எளிய காப்பு. ஆலையில் ஒட்டிய படலத்தை உரிக்காமல் அதன்மேலேயே ஒட்ட வேண்டும். "இதை எடுத்துவிட்டு ஒட்டித் தருகிறேன்" என்று கடைப் பையன் சொன்னால் தடுத்துவிட வேண்டும். தொலைக்காட்சித் தாங்கியில் செருகும் கருவியானால், கண்ணாடி ஒட்டிய பிறகு அது இறுக்கமின்றிச் செல்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். திரையைத் துடைக்கும் முன் ஊதியோ மென்மையான தூரிகையாலோ தூசியை நீக்கி, பிறகு மூக்குக் கண்ணாடித் துணியால் அழுத்தாமல் துடைக்க வேண்டும். தாங்கியின் உட்பக்கத்தையும் அவ்வப்போது சுத்தம் செய்வது நல்லது.

கீறல் விழுந்துவிட்டால் பற்பசை தேய்த்தால் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. பற்பசையில் இருப்பது நுண்ணிய தேய்ப்புத் துகள்கள். ஒரு கீறலை மறைக்கப் போய், படலம் முழுவதையும் மங்கலாக்கிவிடும். கண்ணாடியில் விழுந்த ஆழமான கீறலுக்கு அது உதவாது. அதோடு, திரையைத் தேய்த்துப் பார்த்த பிறகு கடைக்குப் போனால், "நீங்களே கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணத்தையும் கையில் கொடுத்ததாகிவிடும்.

கீறலைக் கண்டதும் முதலில் செய்ய வேண்டியது படம் எடுப்பது, தேதியைக் குறிப்பது, எங்கே எப்படி விழுந்தது என்று பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்பது. பயந்த பிள்ளை உண்மையைச் சொல்லாது. உண்மை தெரியாமல் கடைக்காரரிடம் வாதிட முடியாது. கோடு திரையின் இரு ஓரங்களிலும் ஒரே மாதிரி நேராக இறங்கினால் தாங்கியைச் சந்தேகிக்கலாம். திரை நடுவே தாறுமாறாக இருந்தால் பையையும் மணலையும் பார்க்க வேண்டும். கீறல் எங்கே விழுந்தது என்பதே பல நேரங்களில் யார்மேல் தவறு என்பதைக் காட்டிவிடும்.